‘ப்ளூ மூன்’ அப்பப்ப வராதுங்க
தம்பி, உங்க பதிவுல இங்கிலீஷ் ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’, ‘நவ் அண்ட் தென்’ ரெண்டுக்கும் ‘அப்பப்ப’ன்னுதான் அர்த்தம்னு எழுதியிருக்கீங்க. இல்லைங்க. முதலாவது, அத்தி பூத்தாப்பல நடக்கறதுக்கு மட்டுந்தான். ஒரே மாசத்துல ரெண்டாவதா வர்ற பௌர்ணமியை இப்ப ப்ளூ மூன்ங்கறாங்க. சுமார் ரெண்டரை வருசத்துக்கு ஒருக்காத்தான் வரும். 2023 ஆகஸ்ட்டுல வந்துச்சு. (நீலமால்லாம் இருக்காது!)

‘ஒன்ஸ் இன் எ வைல்’ பத்தி நீங்க சொன்னது சரிதான், அது அப்பப்ப கணக்குல சேரும்.

ஆனா திருப்பூர்ல மெர்ச்சண்டைசர் வேலைக்கு (துணி ஆர்டர் குடுக்கறவங்ககிட்டப் பேசி வேலையை முடிச்சுக் குடுக்கறது) போற பசங்க உங்க பதிவைப் பார்த்து ‘ப்ளூ மூன்’, ‘நவ் அண்ட் தென்’ ரெண்டையும் மாத்திப் போட்டா வம்புதான். எப்பவோ ஒருக்கா வர்ற ஷேடு வேரியேஷனை (துணியோட நிறம் கொஞ்சம் மாறிப் போறது) ‘நவ் அண்ட் தென் வரும்’னு பையருக்கு (ஆர்டர் குடுக்கறவருக்கு) மெயில் போட்டா, அடுத்த ஆர்டர் பக்கத்துக் கம்பெனிக்குப் போயிருமுங்க.