கோஷம் போட்டவரே பணமும் கேட்டார்

போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி வாசலில், ஆசிரியர் சங்க ஆர்ப்பாட்டத்தில் நின்றுகொண்டிருந்தோம். மாலை நாலரை மணி ஆகியும் வெயில் இறங்கவில்லை. பாதிப் பேர் கையில் குடை, மீதிப் பேர் தலையில் துண்டோ முந்தானையோ. சம்பள நிலுவை, பணிப் பாதுகாப்பு, மகப்பேறு விடுப்பு என்று ஒருவர் கோரிக்கைகளை வாசித்தார். "உழைப்பைச் சுரண்டாதே" என்று அவர் சொல்ல, நாங்கள் திருப்பிச் சொன்னோம். தொண்டை கம்மிப்போய் மைக்கை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். தண்ணீர் பாட்டிலைத் திறந்தபடியே மெதுவாகக் கேட்டார்: "மேடம், எடிட்டட் வால்யூமுக்கு ஒங்க ஆயிரத்தி ஐநூறு இன்னும் வரலியே. ஜிபே பண்ணிருதீங்களா? ரேப்பர் போட்டாச்சு."

பண்ணிவிட்டேன். அங்கேயே, கோஷத்துக்கு நடுவே. வீட்டுக்கு வந்து காப்பி போடும்போதுதான் உறைத்தது. உழைப்பைச் சுரண்டாதே என்று கத்திக்கொண்டே, ஒரு கட்டுரைத் தொகுப்பில் என் எழுத்தை அச்சில் பார்க்க நானே காசு கொடுத்திருக்கிறேன். கேட்டவரும் கொடுத்தவளும் ஒரே சங்கம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். வரலாறு நடத்துகிறேன், அரசு மானியம் இல்லாத சுயநிதிப் பிரிவில், பதினாறு வருடமாக. பல்கலைக்கழக மானியக் குழு 2019இல், தற்காலிகமாக நடத்தும் கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 என்று ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் அவர்களுக்கு 2025இல் கொடுத்தது 25,000. நான் அந்தக் கௌரவத்துக்கும் கீழே. மே மாதம் எனக்குச் சம்பளம் கிடையாது. மாம்பழம் மட்டும் உண்டு, அதுவும் அக்கா வீட்டிலிருந்து.

கல்லூரிக்குத் தர மதிப்பீடு போடும் நாக் குழு வருகிற வருடம் வந்துவிட்டால் எங்கள் துறையில் நடப்பதைப் பார்க்க வேண்டும். அவர்களுடைய அளவுகோல்களில் ஆராய்ச்சியும் ஒன்று. அதில் ஆசிரியருக்கு எத்தனை கட்டுரை, எத்தனை புத்தகம் என்று கணக்குக் காட்டியாக வேண்டும். "ஆளுக்கு ரெண்டு கட்டுரை, ஐஎஸ்பிஎன் நம்பரோட" என்று சுற்றறிக்கை வரும். புத்தகத்துக்குக் கொடுக்கும் அடையாள எண்தான் அது. வாரத்துக்கு பதினெட்டு மணி நேரம் வகுப்பு, விடைத்தாள், அட்மிஷனுக்கு ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை பிடிக்கிற வேலை எல்லாம் போக எந்த நேரத்தில் ஆராய்ச்சி பண்ணுவது என்று சுற்றறிக்கையில் இருக்காது. ஒரே நாள் கருத்தரங்கு, ஒரே தொகுப்பு, அறுபது கட்டுரை. தலைக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு. எடுத்துப் படிப்பவர் யாரும் இல்லை. எழுதியவரே படித்திருப்பாரா என்பதும் சந்தேகம்.

இதன் வேர் 2010இல் இருக்கிறது. அந்த வருடத்து மானியக் குழு விதிகளில் ஏபிஐ என்று மதிப்பெண் முறை வந்தது. கட்டுரைக்கு இவ்வளவு, புத்தகத்துக்கு இவ்வளவு, புத்தகத்தில் ஓர் அத்தியாயத்துக்கு இவ்வளவு. பதவி உயர்வு அந்தக் கூட்டுத்தொகையில் தொங்கியது. சந்தை சும்மா இருக்குமா? காசு வாங்கிக்கொண்டு மூன்று நாளில் வெளியிடும் இதழ்கள் புற்றீசல் போலக் கிளம்பின. அவற்றை வடிகட்ட, ஏற்கத்தக்க இதழ்கள் எவை என்று சொல்லும் கேர் பட்டியல் 2019இல் வந்தது. உடனே பட்டியலில் இருக்கும் இதழில் இடம் பிடித்துத்தர தரகர்கள் வந்தார்கள். 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலையும் கைவிட்டுவிட்டார்கள். நல்ல இதழ் எது என்பதை இனி அந்தந்தக் கல்வி நிறுவனமே முடிவு பண்ணிக்கொள்ளலாம். பதினைந்து வருடம் ஆடிய ஆட்டத்தில் கையைவிட்டுப் போன காசு யாருடையது? எங்களுடையது.

இதைக் கூட்டங்களில் பேசினால், "மேடம், இது அகடமிக் விஷயம், சங்க விஷயம் இல்ல" என்பார்கள். அங்கேதான் எனக்கு ஒத்துவரவில்லை. எழுதுவது வேலை என்றால், அந்த வேலைக்கு நேரமும் கூலியும் கேட்பது சங்க விஷயம்தானே? சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் பிடித்தால் வாசலில் நிற்கிறோம். அதே ஆயிரத்தை வால்யூம் என்ற பெயரில் பிடித்தால் ரசீதுகூடக் கேட்பதில்லை.

எங்களுக்கு டைப் அடித்துப் பக்கம் வடிவமைத்துத் தரும் டிடிபி அண்ணாச்சியிடம் ஒருநாள் கணக்குக் கேட்டேன். முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுவரில் போன வருடத்துக் காலண்டர். முந்நூறு பக்கம், எழுபது பிரதி, தேவையான பிரதி மட்டும் அச்சிடும் பிஓடியில் போட்டால் எவ்வளவு ஆகும் என்றேன். கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினார். அறுபது பேர் கட்டிய பணத்தில் பாதிகூட ஆகவில்லை. "ஐஎஸ்பிஎன்னுக்குத் தனியா எரநூறு கேட்டாங்களே அண்ணாச்சி?" என்றேன். சிரித்தார். "அது கெவருமெண்ட்டு சும்மா குடுக்கது மேடம். விண்ணப்பம் போட்டா வந்துரும். ஒங்க வாத்தியாருமாருதான் அதுக்கும் ரேட்டு போட்டுட்டாக."

உண்மைதான். ராஜா ராம்மோகன் ராய் முகமை அந்த எண்ணை இலவசமாகத்தான் கொடுக்கிறது. இத்தனை வருடம் வரலாறு படித்தவளுக்கு இது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

நாம் மட்டும்தான் ஏமாளிகள் என்று நினைக்க வேண்டாம். உலகம் முழுக்கப் பேராசிரியர்கள் சும்மா எழுதி, சும்மா மதிப்பிட்டு, சும்மா பதிப்பாசிரியர் வேலையும் பார்த்துக் கொடுக்க, பெரிய நிறுவனங்கள் அதை அவர்களுடைய நூலகத்துக்கே விற்கின்றன. 2015இல் 'லிங்குவா' என்ற மொழியியல் இதழின் ஆசிரியர் குழு மொத்தமும் எல்சேவியர் என்ற பெரிய பதிப்பு நிறுவனத்திலிருந்து வெளியேறி 'குளோசா' என்று சொந்தமாக ஓர் இதழைத் தொடங்கியது. 2023இல் 'நியூரோஇமேஜ்' ஆசிரியர்களும் அப்படித்தான் கிளம்பினார்கள். அவர்களுக்கு நிரந்தர வேலை இருக்கிறது, ராஜினாமா செய்தால் செய்தியாகிறது. நாம் ராஜினாமா செய்தால் மறுநாள் வேறு ஆள் வருவார், அது வேறு கதை. ஒன்றிய அரசு 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, முப்பது பதிப்பகங்களின் இதழ்களை வாங்க முடிவு செய்தது. ஒன்றிய, மாநில அரசுகளின் கல்லூரிகள் படித்துக்கொள்ளலாம். சுயநிதிக்காரர்களுக்கு அந்தக் கதவு அப்போது திறக்கவில்லை.

ஆனால் சொந்தமாக அச்சுப்போடுவது இந்த ஊருக்குப் புதிதா என்ன? 1920இல் சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் தொடங்கியபோது பெயரிலேயே திருநெல்வேலியை வைத்துக்கொண்டுதான் தொடங்கியது. 1954இல் எழுத்தாளர் தொ.மு.சி. ரகுநாதன் 'சாந்தி' இதழை நடத்தியது நெல்லையிலிருந்து. எனக்கு எல்லாரையும்விட நெருக்கமானவர் ஆய்வாளர் நா. வானமாமலை. பாளையங்கோட்டையில் டுட்டோரியல் நடத்திய மனிதர். 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைக் கூட்டினார். ஒருவர் கட்டுரை வாசிப்பார், மற்றவர்கள் உட்கார்ந்து கிழிப்பார்கள். 1969இல் 'ஆராய்ச்சி' இதழ் வந்தது. கிழிபட்டுத் தேறிய கட்டுரை அச்சுக்குப் போகும் என்றால், சக ஆய்வாளர்கள் மதிப்பிடுவதை இன்றைக்குப் பீர் ரிவ்யூ என்று பெரிய பெயர் வைத்துப் பேசுவது வேறென்ன? அதுவும் முகத்துக்கு நேரே. பல்கலைக்கழகம் எதுவும் பின்னால் நின்று நடத்தியதில்லை. ஊர் அவரைப் பேராசிரியர் என்றே கூப்பிட்டது. அந்த இதழின் பழைய பிரதி ஒன்றை நூலகத்தில் புரட்டியபோது தாள் ஓரம் உதிர்ந்து என் மடியில் விழுந்தது. உள்ளே கட்டுரை மட்டும் உதிரவில்லை. எங்கள் வால்யூம்களை ஐம்பது வருடம் கழித்து யாராவது புரட்டுவார்களா? தாள் நன்றாக இருக்கும். எழுபது ஜிஎஸ்எம் கனம்.

சுயாதீனப் பதிப்பு என்றால் எல்லாம் புனிதம் என்று சொல்ல வரவில்லை. சின்னப் பதிப்பகத்தில் புத்தகம் போட்ட அனுபவமும் உண்டு. நூறு பிரதி நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். ராயல்டி என்ற சொல்லை ஒப்பந்தத்தில் தேடினேன். ஒப்பந்தத்தையே காணோம். நாற்பத்தி இரண்டு பிரதி இன்னும் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அரசு நூலகங்களுக்கு வாங்கும் ஆணை வரும் வரும் என்று சொன்னவர் போனை எடுப்பதில்லை. அதைவிட மோசம், அந்தப் புத்தகத்துக்கு டைப் அடித்துப் பக்கம் வடிவமைத்த அதே அண்ணாச்சிக்குப் பணம் எட்டு மாதம் கழித்துத்தான் போயிற்று. முற்போக்குப் பேசும் பதிப்பகம். அவர் அடித்ததெல்லாம் தொழிலாளர் வரலாறு.

தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 1976இல் வருவதற்கு முன்னால் நிர்வாகம் நினைத்த நேரத்தில் ஆசிரியரை வெளியே அனுப்பலாம் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். துண்டறிக்கை அடித்துப் பங்கிட்டே பாதிப் போராட்டம் நடந்ததாம். அச்சு அவர்களுக்கு ஆயுதம். எங்களுக்கு அது ஏன் அபராதமாகிப் போயிற்று என்பதுதான் என் கேள்வி. சங்கங்களிடம் நான் கேட்பது பெரிதில்லை. கட்டுரைக்குக் காசு கேட்கும் தொகுப்புகளில் உறுப்பினர் யாரும் எழுதக் கூடாது என்று ஒரு தீர்மானம் போடுங்கள். ஆராய்ச்சி வேண்டும் என்று கேட்கும் நிர்வாகத்திடம் அதற்காக வாரத்தில் நாலு மணி நேரம் வகுப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். சந்தாப் பணத்தில் ஒரு இதழ் நடத்துங்கள். தீர்மானம் வராது என்கிறார்கள், ஏனென்றால் வால்யூம் போடுபவர்களில் பலர் பொறுப்பாளர்கள். பார்ப்போம்.

அதுவரை சும்மா இருக்க முடியவில்லை. ஐந்து பேர் சேர்ந்து ஆளுக்கு இரண்டாயிரம் போட்டுக் காலாண்டிதழ் ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். அறுபத்து நாலு பக்கம், அச்சுக் கணக்கில் பதினாறு பக்கம் வீதம் நாலு ஃபார்ம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் கூடிக் கட்டுரை வாசிக்கிறோம். முதல் கூட்டத்தில் என் கட்டுரையைத்தான் கிழித்தார்கள். அண்ணாச்சிக்கு முன்பணம் கொடுத்த பிறகே வேலையை ஆரம்பித்தோம். எழுதுபவருக்கு ஐந்நூறு ரூபாய் கொடுப்பது என்று நான் சொன்னபோது பெரிய சண்டை. "எழுத்துக்குக் கூலியா? சிறுபத்திரிகை மரபே இல்லையே" என்றார் ஒரு சார். மரபு எங்களைக் கொண்டுவந்து நிறுத்திய இடம் தெரிகிறதே சார் என்றேன். மூன்றுக்கு இரண்டு என்று தீர்மானம் ஆயிற்று.

போன வாரம் முதல் கட்டுரைக்குப் பணம் அனுப்பினேன். எழுதியவர் தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் என்னைப் போலச் சுயநிதி. பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"மேடம், மெசேஜ் பாத்தேன். ஐந்நூறா? சம்பளம் பத்தாம் தேதிதான் வரும். அதுக்குப் பெறவு கட்டினா போதுமா?"