ஜீப்பில் கேட்ட கேள்வி

நண்பர் ஒருவர் தன் அப்பாவின் முதலாண்டு திதியன்று கனடியப் பாடகர் நீல் யங்கின் ‘ஓல்ட் மேன்’ பாட்டைப் பகிர்ந்திருந்தார். நான் பெரிய மேதாவிபோல, “இது அப்பாவைப் பற்றிய பாட்டு இல்லை, பண்ணையைப் பார்த்துக்கொண்ட ஒரு முதியவரைப் பற்றியது” என்று கீழே எழுதிவைத்தேன். அவர் ஒரு விருப்பக்குறி போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்.

நான் சொன்னதில் தகவல் பிழை எதுவும் கிடையாது. 1970இல் வடக்குக் கலிஃபோர்னியாவில் யங் ஒரு பண்ணையை வாங்கினார். விலை மூன்றரை லட்சம் டாலர். அவருக்கு வயது 24. அங்கேயே குடியிருந்து பண்ணையைக் கவனித்துவந்த முதியவர், இடத்தைச் சுற்றிக்காட்ட அவரை ஒரு பழைய ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மேட்டின் மேலிருந்த ஏரிக்குப் போனார். இவ்வளவு சின்ன வயதில் இந்த இடத்தை வாங்க உனக்கு ஏது பணம் என்று கேட்டாராம். அதிர்ஷ்டம்தான் என்றாராம் யங். இப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதே இல்லை என்றாராம் பெரியவர்.

பாட்டைவிட எனக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். பத்திரம் இளைஞனின் பெயரில். எந்த வேலி எங்கே சாய்ந்திருக்கிறது என்பது தெரிந்ததோ பெரியவருக்கு. அவரைப் பார்த்து, நானும் உங்களைப் போலத்தான் என்று முதலாளி பாடுவதில் கொஞ்சம் அசட்டுத்தனம் இருக்கிறது. அந்த அசட்டுத்தனம் இல்லாவிட்டால் பாட்டே இல்லை.

1972இல் ‘ஹார்வெஸ்ட்’ தொகுப்பில் வெளிவந்தது. அதில் பான்ஜோ என்ற தந்தி வாத்தியத்தை வாசித்தவர் இன்னொரு பாடகரான ஜேம்ஸ் டெய்லர். பாடகர் ஜானி கேஷின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக, ஒலிப்பதிவு நடந்த நாஷ்வில் நகருக்கு வந்தவரைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். அந்த பான்ஜோ நுழையும் இடத்தில் கையில் இருக்கும் வேலை எனக்கு நின்றுவிடும்.

யங்கின் அப்பா ஸ்காட் யங், கனடாவில் பெயர்பெற்ற பத்திரிகையாளர். பெற்றோர் பிரிந்த பிறகு மகன் அம்மாவோடு வின்னிபெக்கில் வளர்ந்தார். அந்த அப்பா, இது தன்னைப் பற்றிய பாட்டு என்றே நினைத்தார். மகன் திருத்தவில்லை. பாட்டு யாரிடம் போய்ச் சேர்கிறதோ அவருக்கானது என்பது மகனின் கட்சி.

எழுதியவரே சொந்த அப்பாவிடம் சொல்லாமல் விட்டதை, திதி நாளில் நண்பரிடம் போய்ச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பின்னூட்டத்தை நேற்றுதான் தேடிப்பிடித்து அழித்தேன். விருப்பக்குறியும் அதோடு போய்விட்டது.