மெக்கின்டாஷுக்கு நடந்தது உட்பகைக் கொலையா?

அமெரிக்காவின் தென்கிழக்கில் வாழ்ந்த பூர்வகுடிகளான க்ரீக் மக்கள் மேற்கே துரத்தப்பட்டதைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை, தலைவனே நிலத்தை விற்றான், அடித்துக்கொண்டு அழிந்தார்கள்" என்று கதையை முடித்துவிடுகிறார்கள். என்னால் இதை ஏற்கவே முடியவில்லை.

1825 பிப்ரவரியில் அமெரிக்க அரசுடனான இந்தியன் ஸ்பிரிங்ஸ் ஒப்பந்தத்தில் க்ரீக் தலைவர்களில் ஒருவரான வில்லியம் மெக்கின்டாஷ் கையெழுத்துப் போட்டார். ஜார்ஜியாவில் மிச்சமிருந்த க்ரீக் நிலம் அதோடு கைமாறியது. தோட்டம், அடிமைகள், படகுத்துறை, ஒப்பந்தம் நடந்த ஊரிலேயே ஒரு விடுதி என்று வாழ்ந்த மனிதர். ஜார்ஜியா ஆளுநர் ட்ரூப் அவருக்கு உறவு. க்ரீக் தேசிய சபையின் அனுமதியின்றி நிலத்தை விற்றால் மரண தண்டனை என்பது அவருக்குத் தெரியாததல்ல. அந்தச் சபையில் அவரே உட்கார்ந்திருந்தவர். சபையின் சார்பில் பேசிய ஒபொத்லே யோஹோலோ நேரிலேயே எச்சரித்தும் இருந்தார்.

ஏப்ரல் 30 விடியற்காலை, சபை அனுப்பிய நூற்றுக்கும் மேற்பட்டவர்களுடன் க்ரீக் தலைவர் மெனாவா, சாட்டஹூச்சி ஆற்றங்கரையில் இருந்த மெக்கின்டாஷின் வீட்டைச் சூழ்ந்தார். அங்கிருந்த வெள்ளைக்காரர்களுக்கு ஆபத்தில்லை என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னார்கள். பெண்களையும் குழந்தைகளையும் வெளியே விட்டார்கள். வீட்டுக்குத் தீ வைத்து மெக்கின்டாஷைக் கொன்றார்கள். கொடூரம்தான். ஆனால் ஒரு அரசு தன் சட்டத்தை நிறைவேற்றியது என்று சொல்ல ஏன் யாருக்கும் வாய் வருவதில்லை?

அப்புறம் க்ரீக் சபையின் பிரதிநிதிகள் வாஷிங்டன் போய் வாதாடி, 1826-ல் அந்த ஒப்பந்தத்தையே ரத்து செய்ய வைத்தார்கள். லேசான காரியமா அது? ட்ரூப் அதையும் மதிக்காமல் நிலத்தை அளக்க ஆளனுப்பினார். அதிபர் ஆடம்ஸ் கடைசியில் விட்டுக்கொடுத்தார்.

உண்மையான வேட்டு 1832-ல் வைக்கப்பட்டது. அலபாமாவில் பொதுவாக இருந்த நிலத்தைக் கூறுபோட்டு, குடும்பத் தலைவருக்கு 320 ஏக்கர், 90 முக்கியத் தலைவர்களுக்குத் தலா 640 ஏக்கர் என்று புது ஒப்பந்தத்தில் எழுதினார்கள். விற்பதா இருப்பதா என்பது இனி அவரவர் விருப்பமாம். சபைக்குப் பேச்சில்லை. நில வியாபாரிகள் யாரோ ஒரு க்ரீக் ஆளைப் பிடித்து, சில்லறைக் காசு கொடுத்து, அதிகாரி முன்னால் "நிலத்துக்காரர் இவர்தான்" என்று நிறுத்தி, கையெழுத்துக்குப் பதிலாக விற்பனைப் பத்திரத்தில் குறி போடவைத்தார்கள். உண்மையான சொந்தக்காரர் அப்போது தன் வயலில் நின்றுகொண்டிருப்பார். ஊரறிந்த மோசடி, விசாரணைகூட ஆரம்பித்தார்கள். 1836-ல் பட்டினி கிடந்தவர்களில் ஒரு பகுதியினர் ஆயுதம் எடுத்ததும், அதைப் போர் என்று சொல்லி விசாரணையைக் கைவிட்டார்கள். ராணுவம் வந்தது. பிடிபட்ட ஆண்களை விலங்கிட்டு நடத்திப் போனார்கள். அந்தப் போரில் அமெரிக்கப் படையின் பக்கம் நின்ற மெனாவாவையும் மேற்கே அனுப்பிவிட்டார்கள். ஒற்றுமைக் குறைவு என்று சொல்பவர்கள் இந்த 1832 கணக்கையும் கொஞ்சம் பேசட்டும்.