சுஜாதாவா? இன்னுமா?

ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்தில், நூலகராக இருக்கும் நான் ஒரு பெண்ணுக்குச் சுஜாதா புத்தகம் ஒன்றைச் சொல்லப்போய், நண்பர் ஒருவர் அதைக் கேலி செய்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். 2 வாரம் ஆகிவிட்டது. நேற்று இன்னொருவர் போன் செய்து, "விடுங்க மேடம், சார் விளையாட்டுக்குத்தான் சொன்னார்" என்றார். இப்படிச் சொல்லும் நான்காவது ஆள் இவர். சரி, விளையாட்டைப் பற்றியே பேசிவிடுவோம்.

முழுக் கதையையும் நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. அன்றைக்கு வராதவர்கள் வந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டியது ஒரே ஒரு இடம். அந்தத் துணிக்கடைப் பெண் எழுந்து நின்று கேட்டாளே, அது. "போக வர பஸ்லதான் படிக்க முடியும்க்கா. முக்கால் மணி நேரம். தூக்கம் வராத மாதிரி ஒரு புஸ்தகம் சொல்லுங்க." கழுத்தில் கடையின் அடையாள அட்டை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை துணிக்கடையில் அரை மணி நேரம் பர்மிஷன் வாங்குவது என்றால் என்ன என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். (கடை ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று நம் மாநிலத்தில் 2021இல் சட்டம் வந்தது. அவளுக்கு நாற்காலி வந்துவிட்டதா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.)

நான் சுஜாதாவின் சிறுகதைத் தொகுப்பு 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' சொன்னேன். யோசித்துத்தான் சொன்னேன். ஒரு போக்குக்கு ஒரு கதை முடியும். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனாலும் குடி முழுகாது. சிரிப்பு வரும், சில கதைகளில் சிரித்து முடித்தபின் ஒன்று தைக்கும். தூங்க விடாது.

"சுஜாதாவா? இன்னுமா?" என்றார் நம் நண்பர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இப்போது எரிகிறது.

அப்புறம் அவர் சிறுகதை எழுத்தாளர் மௌனியில் ஆரம்பித்து 11 பெயர்கள் சொன்னார். பாதிப் பேர் கடல் கடந்தவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சின்னப் பிரசங்கம். அந்தப் பெண் கடை பில் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே இருந்தாள். எழுதி முடிக்கும்போது அவளுடைய நேரமும் முடிந்துவிட்டது. படியிறங்கும்போது மெதுவாக என்னிடம், "இதுல எதைக்கா மொதல்ல படிக்க?" என்றாள். உள்ளே அடுத்த விவாதம் ஆரம்பித்திருந்தது. நான் பதில் சொல்வதற்குள் அவள் ரோட்டைக் கடந்துவிட்டாள்.

என் கட்சி ஒன்றே ஒன்றுதான். கேட்டது அவள். பதில் அவளுக்குப் போக வேண்டும். சபைக்கு அல்ல, பக்கத்து நாற்காலிக்காரருக்கு அல்ல, சொல்பவரின் 30 வருட வாசிப்புக்குச் சான்றிதழாகவும் அல்ல. கேட்டது அவள்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. சீர்காழியில் பிறந்த ஒரு கணக்கு வாத்தியார், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகராகப் போனவர், 1931இலேயே 5 விதியாக எழுதி வைத்துவிட்டார். எஸ்.ஆர்.ரங்கநாதன். எங்களை மாதிரி நூலகப் படிப்பு படித்தவர்கள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த விதிகள் அவை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது இரண்டாவது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. பரீட்சை எழுதியபோது இந்த நான்காவதற்கு 5 மார்க்குக்கு மேல் மதிப்பு இருக்கிறதாக எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு அந்தப் பெண் சோற்றையும் விட்டுவிட்டு வந்த அரை மணி நேரம் 11 பெயர்களில் கரைந்ததைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

உடனே கேட்பார்கள், "அப்போ தரம் என்ற ஒன்றே வேண்டாமா?" வேண்டும். யார் வேண்டாம் என்றது? எல்லாப் புத்தகமும் ஒன்று என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. மௌனி மொத்தமே இருபத்திச் சொச்சம் கதைகள்தான் எழுதினார். அவரைச் சிறுகதையின் திருமூலர் என்றார் புதுமைப்பித்தன். அந்தக் கதைகளை நான் மூன்று தடவை படித்திருக்கிறேன். மூன்றாவது தடவைதான் கொஞ்சம் பிடிபட்டது. அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு, ராத்திரி, வீடு அடங்கிய பிறகு. நின்று நின்று வீங்கிய காலோடு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, டவுன் பஸ்ஸில் படிக்கிற எழுத்தா அது? அப்படிப் படிக்கச் சொல்வது மௌனிக்கும் மரியாதை இல்லை. தரத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்களுக்கு அந்தக் கவலை மட்டும் ஏன் வரவில்லை?

இன்னொரு பக்கம், எனக்கு ஆதரவாக வந்தவர்கள். "சுஜாதா ஒரு படிக்கட்டுதானே சார், அதில் ஏறித்தானே மேலே வர முடியும்" என்று ஒருவர் பேசினார். நன்றி, ஆனால் அந்த ஆதரவும் எனக்கு வேண்டாம். படிக்கட்டு என்றால் மிதித்துவிட்டுப் போவது. அதுவும் 'இன்னுமா'தான், கொஞ்சம் பவுடர் போட்ட 'இன்னுமா'. புதுக்கவிதை எழுதியவர்கள் எத்தனை பேரைப் பத்திரிகைப் பத்திகளில் பெயர் சொல்லி, வரிகளை எடுத்துப் போட்டு அறிமுகம் செய்தார் அந்த மனிதர். அன்று சிரித்தவர்களில் சிலர் அந்தக் கவிஞர்களின் பெயர்களை முதலில் கேள்விப்பட்டதே 'கணையாழி' இதழில் சுஜாதா எழுதிய 'கடைசிப் பக்கம்' பத்தியில்தான். அவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"க.நா.சு. பட்டியல் போடவில்லையா?" என்று ஒரு தம்பி கேட்டார். போட்டார். கறாரான விமர்சகர், வெகுஜன எழுத்தை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. ஆனால் ஒவ்வொரு புத்தகமாக எடுத்து அறிமுகம் செய்து அவர் எழுதிய தொகுப்புக்கு வைத்த பெயரைப் பாருங்கள்: 'படித்திருக்கிறீர்களா?' கேள்விக்குறியோடு. அதுவும் மரியாதைப் பன்மையில். 'இன்னுமா?' என்று தலைப்பு வைத்திருந்தால் நாம் வாங்கியிருப்போமா?

"கேட்டதையே எடுத்துக் கொடுத்தால் உங்களுக்கும் கடைக்காரருக்கும் என்ன வித்தியாசம்?" என்பது அடுத்தது. கடைக்காரரை அவ்வளவு லேசாக எடை போடாதீர்கள். போன தீபாவளிக்கு என் மாமியாருக்குப் புடவை எடுக்கப் போனேன். எனக்குப் புடவை காட்டிய பெண் ஒன்றையும் விரிப்பதற்கு முன் மூன்று கேள்வி கேட்டாள். "யாருக்குக்கா? வீட்டுல கட்டவா, விசேஷத்துக்கா? எவ்வளவுக்குள்ள பார்க்கணும்?" அப்புறம்தான் அலமாரிப் பக்கம் திரும்பினாள். நான்கே புடவைதான் விரித்தாள். மூன்றாவதை எடுத்துக்கொண்டு வந்தோம். தனக்குப் பிடித்த ஆனந்தா நீலத்தை 70 வயது அம்மாள் தலையில் கட்டப் பார்க்கவில்லை. "இன்னுமா இந்தச் சின்னாளப்பட்டி?" என்று என் மாமியாரைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை. தினமும் 10 மணி நேரம் நின்றுகொண்டு அடுத்தவருக்கு எது பொருந்தும் என்று பார்ப்பதே தொழிலாக இருக்கிற அப்படி ஒருத்திக்குத்தான் நாம் அன்றைக்குப் பாடம் எடுத்தோம்.

நான் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. 1998இல் முதல் போஸ்டிங். பாலிடெக்னிக் படிக்கிற பையன் ஒருவன் வந்து, "நல்ல நாவல் ஒண்ணு கொடுங்க மேடம்" என்றான். நான் அப்போதுதான் சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' படித்து முடித்து அந்த மயக்கத்தில் இருந்தேன். 1981இல் வந்த நாவல், எனக்குக் கிடைக்க அவ்வளவு காலம் ஆகியிருந்தது. கிடைத்ததும் உலகத்தில் எல்லோரும் இதைப் படித்தாக வேண்டும் என்கிற வெறி. அவன் அதுவரை என்ன படித்திருக்கிறான், எதற்குக் கேட்கிறான், ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையில் திணித்தேன். இரண்டே நாளில் திரும்பி வந்தது. "படிச்சிட்டியா?" என்றேன். "ம்" என்றான். அவன் போன பிறகு பார்த்தால் 11ஆம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட். அந்தப் பையன் அப்புறம் நூலகத்துப் பக்கம் வரவில்லை. ரொம்ப நாளைக்கு அவனுக்கு ரசனை போதாது என்றுதான் நினைத்திருந்தேன். அந்த 'இன்னுமா' என் வாயிலும் இருந்ததுதான். அதனால்தான் சத்தம் கேட்டதும் அடையாளம் தெரிந்தது.

"அவர் நிறையப் படித்தவர், உங்களுக்குப் பொறாமை" என்று ஒருவர். இருக்கட்டும்.

"ஒரு சிரிப்புக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" இதற்கு மட்டும் கொஞ்சம் பதில் சொல்ல வேண்டும்.

என் அம்மா நாவலாசிரியை லட்சுமியின் வாசகி. வாரப் பத்திரிகையில் தொடர் வந்தால் அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, தொடர் முடிந்ததும் பைண்டு போடக் கொடுப்பாள். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு நடந்ததுதான். ஒரு தொடரில் நடுவில் ஒரு வாரம் இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போன இதழ் போனதுதான். பக்கத்து வீட்டு மாமியிடம் கதையைக் கேட்டு, கோடு போட்ட தாளில் ஒன்றரைப் பக்கத்துக்கு அம்மா தன் கையாலேயே எழுதி, அந்த இடத்தில் செருகி பைண்டு போடக் கொடுத்திருந்தாள். பென்சிலில் 'தொடரும்' என்றுகூட எழுதியிருந்தாள்.

என் சித்தப்பா தமிழாசிரியர். ஒரு தடவை ஊரிலிருந்து வந்தவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் பைண்டு வேற பண்ணி வெச்சிருக்கீங்களா அண்ணி?" என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். கெட்ட மனிதர் இல்லை அவர், எனக்குத் திருக்குறள் சொல்லிக் கொடுத்தவர். ஆனால் அடுத்த தடவை அவர் வருகிறார் என்று கடிதாசு வந்ததும், அந்த பைண்டு புத்தகங்கள் ஷெல்ஃபிலிருந்து இறங்கி அரிசி டின்னுக்குப் பின்னால் போய்விட்டன. அவர் போன பிறகும் அங்கேயேதான் இருந்தன. ஒன்றைக் கரையான் அரித்தது. அந்த லட்சுமி ஒரு டாக்டர் என்பதோ, 1984இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார் என்பதோ அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை பதில் சொல்லியிருப்பாளோ என்னவோ. சொல்லியிருக்க மாட்டாள். விருது வாங்கினாரா இல்லையா என்பதா பேச்சு? அந்த ஒன்றரைப் பக்கத்தைச் சித்தப்பா படித்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அதனால் "ஒரு சிரிப்புக்கா" என்று என்னிடம் கேட்காதீர்கள். சிரித்துச் சமாளிக்கிறவர்கள் வீட்டுக்குப் போய் எதை எங்கே ஒளித்து வைக்கிறார்கள் என்று சிரிக்க வைத்தவர்களுக்குத் தெரிவதில்லை. 25 வருடத்துக்கு மேலாகப் புத்தகத்துக்கு முத்திரை குத்துகிறேன். "மேடம், நீங்க இப்ப என்ன படிக்கிறீங்க?" என்று அந்த வட்டத்தில் இதுவரை ஒருவர் கேட்டதில்லை. மைக் வேலை செய்கிறதா, டீ வந்ததா, சாவி யாரிடம், இவைதான் என்னிடம் கேட்கப்படும் இலக்கியக் கேள்விகள். சுஜாதா என்றதும் "இந்த அம்மாவுக்கு அவ்வளவுதான்" என்று முடிவாகிவிட்டது. முடிவாகட்டும். எனக்காக நான் இதை எழுதவில்லை. கொஞ்சம் எனக்காகவும்தான், போகட்டும்.

போன ஞாயிறு அந்தப் பெண் வரவில்லை. ஆடித் தள்ளுபடி நடக்கிறது, லீவு கிடைத்திருக்காது. நானும் அப்படித்தான் நம்பப் பார்க்கிறேன். 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' என் பெயரில் எடுத்து மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். அவளைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள், வேலை நாளில் எந்த நேரத்தில் வந்தாலும் தருகிறேன். உறுப்பினர் அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஒருவேளை அந்த பில்லோடு வந்து நின்றால் என்ன செய்வது என்று, அந்த 11 பேரையும் அலமாரியில் தேடிப் பார்த்தேன். 4 பேர்தான் எங்கள் கிளையில் இருக்கிறார்கள். அதில் மௌனி கதைகள் இடத்தில் இல்லை. பதிவேட்டைப் பார்த்தால் சித்திரையில் வெளியே போனது, தவணை தாண்டி 3 மாதம். யார் எடுத்தார் என்று நூலகர் வெளியில் சொல்வது முறையில்லை, சொல்ல மாட்டேன். எடுத்தவர் இந்தப் பதிவைப் படிப்பார், கொண்டுவந்து கொடுத்துவிடச் சொல்லுங்கள். கேட்டு ஒரு ஆள் வரலாம்.