செயற்கை ஈயின் அறம் இறகிலிருந்து தொடங்க வேண்டும்

செயற்கை ஈயைத் தூண்டிலில் கட்டி மீன் பிடிப்போர் அறத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அந்தப் பேச்சு பெரும்பாலும் முறையைப் பற்றியதாகவே இருக்கிறது. நீரின் மேல் மிதக்கும் ஈயை மட்டுமே வீச வேண்டுமா, மூழ்கும் ஈயும் ஆகுமா, மீன் கண்ணில் பட்ட பிறகுதான் வீச வேண்டுமா என்றெல்லாம் நூறாண்டுகளுக்கும் மேலாக வாதம் நடக்கிறது. இவற்றை நான் அற்பக் கேள்விகள் என்று ஒதுக்கவில்லை. ஆனால் அந்த ஈ எதனால் ஆனது, அதிலுள்ள இறகு எந்தப் பறவையின் உடலிலிருந்து எவ்விதம் வந்தது என்ற கேள்விக்குப் பதில் சொன்ன பிறகே இவற்றுக்கு வர வேண்டும் என்பது, ஈ கட்டுவதை மனமார விரும்பும் என் உறுதியான கருத்து.

இக்கலையை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். சிறிய தூண்டில் முள் ஒன்றைப் பிடிகருவியில் இறுக்கி, அதன்மேல் நூல், இறகு, விலங்கு மயிர் ஆகியவற்றைச் சுற்றி, ஒரு பூச்சியின் அல்லது சிறு மீனின் தோற்றத்தை உண்டாக்குவதே ஈ கட்டுதல். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் சுண்ணாம்புப் பாறை ஊற்றுகளிலிருந்து பிறக்கும் டெஸ்ட், இட்சென் ஆகிய தெளிந்த ஆறுகளில், 1880களில் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்ட் என்பவர் மிதக்கும் ஈயை முழுமையான ஒரு கோட்பாடாகவே வகுத்தார். மேற்பரப்பில் வாய் திறந்து பூச்சியைக் கொத்தும் ட்ரௌட் மீனைக் கண்ணால் கண்டு, ஆற்றின் கீழ்ப்புறமிருந்து நீரோட்டத்துக்கு எதிராக ஈயை வீசுவதே முறை என்று அவர் வழிவந்தவர்கள் நம்பினார்கள். ட்ரௌட் தன் உணவின் பெரும்பகுதியை நீருக்கடியில்தான் உண்கிறது என்பதைக் கவனித்த ஜி. ஈ. எம். ஸ்க்யூஸ், முதிராப் பூச்சியைப் போன்ற மூழ்கும் ஈயை அதே ஆறுகளில் பயன்படுத்தி, 1910இல் அதை நூலாகவும் எழுதினார். 1938 பிப்ரவரியில் லண்டனில் ஈத்தூண்டில்காரர்களின் கழகம் இதற்கென்றே ஒரு விவாதத்தை நடத்தியபோது அவருக்கு வயது எண்பதை நெருங்கியிருந்தது. இன்றும் அந்த ஆறுகளின் பல பகுதிகளில் ஜூலை பிறக்கும் வரை மூழ்கும் ஈக்கு அனுமதி இல்லை.

அந்த விவாதத்தில் இருதரப்பினரும் நேர்மையாகவே பேசினார்கள் என்று நான் நம்புகிறேன். கடினமான வழியைத் தாமே விரும்பி ஏற்பதில் ஒரு கண்ணியம் உண்டு. எளிய முறை பரவினால் ஆற்றில் மீனே அற்றுப்போகும் அளவுக்கு மீன்கள் பிடிபடும் என்ற அச்சமும் நியாயமானதே. ஆயினும் மிதக்கும் முள்ளும் மூழ்கும் முள்ளும் மீனின் உதட்டை ஒரேவிதமாகத்தான் துளைக்கின்றன. அவர்கள் காத்தது பெரும்பாலும் மனிதர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட விளையாட்டு மரபையே. அதே காலத்தில் அதே நாட்டில் சால்மன் மீனுக்காகக் கட்டப்பட்ட ஈக்களின் மூலப்பொருளைப் பற்றி இத்தனை சூடான விவாதம் எழவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

விக்டோரியா காலத்துச் சால்மன் ஈக்களில் புகழ்பெற்ற ஜாக் ஸ்காட்டை எடுத்துக்கொள்வோம். தென் அமெரிக்காவின் டூக்கான், நீலக் கொட்டிங்கா, மக்கா ஆகியவற்றின் இறகுகளும், சீனத்துப் பொன்னிறப் பெசன்ட்டின் கொண்டை இறகும், மயிலிறகும், கானமயில் இனத்து இறகும், நம் காட்டுக்கோழியின் கழுத்திறகும் ஒரே முள்ளில் சேர்கின்றன. இத்தனைக்கும், கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பும் அட்லாண்டிக் சால்மன் இரை தேடி உண்பதையே நிறுத்திவிடுகிறது. ஆகவே அந்த ஈ எந்தப் பூச்சியின் சாயலிலும் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சாயமேற்றிய மான்வால் மயிரிலும் அணில்வால் மயிரிலும் கட்டிய எளிய ஈக்களை இன்றைய சால்மன்கள் தயக்கமின்றிக் கவ்வுகின்றன. அரிய பறவைகளின் இறகு மீனுக்குத் தேவைப்படவே இல்லை. கட்டியவரின் பெருமைக்கும் வாங்கியவரின் செல்வச் செருக்குக்கும்தான் தேவைப்பட்டது.

சாம்பல் காட்டுக்கோழி இந்தியத் தீபகற்பத்தில் மட்டுமே வாழ்வது. நீலகிரியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மற்றக் காடுகளிலும் அதன் கூவலைக் கேட்கலாம். சேவலின் கழுத்திறகுகளில் தண்டின் நுனி தட்டையாகி, மெழுகு பூசியது போன்ற வெள்ளையும் மஞ்சளுமான பொட்டுகளாக மாறியிருக்கும். அந்தக் கழுத்தின் ஒளிரும் புள்ளிகளை மழைத்துளி விழும் வேளையில் கண்டு பாடிய சங்கப் புலவர் நமக்கு உண்டு. மேலைநாட்டு ஈ கட்டுவோருக்கோ அப்பொட்டு சிறு மீனின் கண்ணாகப் பயன்பட்டது. அதற்காக இங்கிருந்து கழுத்துத் தோல்கள் நெடுங்காலம் ஏற்றுமதியாயின. 1960களின் பிற்பகுதியில் இந்தியா அந்த ஏற்றுமதியைத் தடுத்தது. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. இப்போது ஐரோப்பாவில் பண்ணைகளில் வளர்க்கப்படும் பறவைகளிலிருந்து அவ்விறகு சட்டப்படி கிடைக்கிறது. சட்டம் இறுகிய பிறகு மாற்று வழி பிறந்தது என்பதை, ‘மரபு அழிந்துவிடும்’ என்று கவலைப்படுவோர் கருத்தில் கொள்ள வேண்டும்.

இறகு சட்டப்படி கிடைக்க வழி இல்லாத இடத்தில் ஆசை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2009 ஜூன் மாதம் இங்கிலாந்தின் ட்ரிங் அருங்காட்சியகத்தில் நடந்த திருட்டே சான்று. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பறவைத் தொகுப்பு அங்கே இருக்கிறது. சால்மன் ஈ கட்டுவதில் பெயர்பெற்றிருந்த இளம் இசை மாணவர் ஒருவர் இரவில் சன்னலை உடைத்துப் புகுந்து 299 பறவைத் தோல்களை எடுத்துச் சென்றார். இயற்கையியலாளர் ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ் மலாய்த் தீவுகளில் அரும்பாடுபட்டுச் சேகரித்த சொர்க்கப் பறவைகளும் அவற்றுள் இருந்தன. அவை ஈ கட்டுவோரிடையே விற்கப்பட்டன. 2010இல் அவர் பிடிபட்டபோது முழுமையாக மீண்டவை 174. அவற்றிலும் அடையாளச் சீட்டுடன் இருந்தவை 102 மட்டுமே. எங்கே, எந்த நாளில் கிடைத்தது என்று சொல்லும் சீட்டை இழந்த தோல் ஆய்வுக்குப் பெரும்பாலும் பயனற்றது. 2011இல் அவருக்குக் கிடைத்தது நிறுத்திவைக்கப்பட்ட பன்னிரண்டு மாதச் சிறைத் தண்டனையும் பணம் கட்டும் ஆணையும்தான். தண்டனை போதுமா என்பதைவிட, அவ்விறகுகளை மூலம் கேட்காமல் வாங்கியவர்கள் இருந்தார்கள் என்பதே என்னை அதிகம் வருத்துகிறது. வாங்கும் கை இல்லாவிட்டால் அந்தச் சன்னல் உடைந்திருக்காது.

‘பழைய இருப்பைத்தானே வாங்குகிறோம், அந்தப் பறவை இறந்து நூறாண்டாகிறதே’ என்று சிலர் சொல்கிறார்கள். இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. 1889இல் எமிலி வில்லியம்சன் தொப்பியிறகுகளுக்கு எதிராகப் பெண்களைத் திரட்டி அமைத்த சங்கத்தின் உழைப்பால் 1921இல் பிரிட்டனில் இறகு இறக்குமதித் தடைச் சட்டம் வந்தது. அச்சட்டம் இறக்குமதியைத்தான் தடுத்ததே தவிர, கையிருப்பை விற்பதைத் தடுக்கவில்லை. பழைய இறகுக்குச் சந்தையும் விலையும் இருக்கும்வரை, புதிதாகக் கொன்றதும் திருடியதும் பழையதாக வேடமிட்டு அதற்குள் நுழையும். தொப்பியை அலங்கரித்த பெண்கள் கைவிட்டதை, தம்மை இயற்கையின் காவலர் என்று சொல்லிக்கொள்ளும் தூண்டில்காரர்கள் இன்னும் பற்றிக்கொண்டிருப்பது எனக்கு வேதனை தருகிறது.

எனக்கு எளிதில் தீராத கேள்வி ஸ்பெயினின் லியோன் பகுதிச் சேவல்களைப் பற்றியது. குருவேன்யோ பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாக ஈக்கென்றே வளர்க்கப்படும் அச்சேவல்களைக் கொல்லாமல், உயிரோடு வைத்தே ஆண்டுக்குச் சில முறை இறகைப் பிடுங்குகிறார்கள். பறவை பல ஆண்டுகள் வாழ்கிறது. பிடுங்கும் ஒவ்வொரு முறையும் அதற்கு வலிக்கிறது. இறைச்சிக்காகக் கொன்ற வாத்தின் இறகைப் பயன்படுத்துவது எனக்கு இதைவிடத் தெளிவான வழியாகப் படுகிறது. அதனால் நான் லியோன் இறகை வாங்குவதில்லை. ஆனால் வாங்குபவரை நான் குற்றம் சாட்டவும் மாட்டேன், ஏனெனில் அவருக்குத் தம் இறகு எங்கிருந்து வந்தது என்றாவது தெரியும். எடைக்காக ஈயக் கம்பி சுற்றுவோர் விஷயத்தில் எனக்கு அத்தயக்கம் இல்லை: ஈயத்தை விழுங்கி அன்னங்கள் இறந்ததால் 1987 முதல் பிரிட்டனில் தூண்டிலில் எடைக்குக் கட்டும் பெரும்பாலான ஈயக் குண்டுகள் தடை செய்யப்பட்டன, அதற்கு மாற்றாக டங்ஸ்டன் கடைகளில் கிடைக்கிறது.

ஈ கட்டும் போட்டிகளையும் கண்காட்சிகளையும் நடத்துவோரிடம் என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு ஈயோடும் அதிலுள்ள இறகுகளின் மூலத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். மூலம் காட்ட முடியாத ஈ எவ்வளவு அழகாக இருந்தாலும் பரிசுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். சாயமேற்றிய கோழியிறகில் கட்டிய ஜாக் ஸ்காட்டைத் தனிப் பிரிவுக்குத் தள்ளாமல், அதே மேசையில் அதே நடுவர்களைக் கொண்டு மதிப்பிடுங்கள்.