ஓட்டுப் போடாதவர்களைத் திட்டுவதற்கு முன்

மலேசியாவில் ஒவ்வொரு தேர்தல் முடிந்த மறுநாளும் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடுகிறது: "நம்ம ஆளுங்களுக்கு அக்கறை இல்லை, இளையோருக்குப் பொறுப்பு இல்லை." வாக்குப்பதிவு 2018-இல் 82 விழுக்காடு, 2022-இல் 74 விழுக்காடுதான் என்று கணக்கும் காட்டுவார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை.

2018 தேர்தலின்போது நாமாகப் போய்ப் பதிந்தால்தான் வாக்காளர். ஓட்டுப் போடும் எண்ணம் உள்ளவர்தான் பதியவே போவார். 2021 டிசம்பரிலிருந்து 18 வயதானால் தானாகவே பதிவு. வாக்காளர் பட்டியல் சுமார் 15 மில்லியனிலிருந்து 21 மில்லியனுக்கு மேல் போனது. விழுக்காடு இறங்கியது உண்மைதான். ஆனால் 2022-இல் ஓட்டுப் போட்டவர்கள் 2018-ஐ விட 3 மில்லியனுக்கும் மேல் அதிகம். இதை யாரும் சொல்வதில்லை.

சரி, வராதவர்கள் ஏன் வரவில்லை?

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் ஒரு அக்கா இருக்கிறார். அலுவலகங்களில் துப்புரவு வேலை. ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இன்னமும் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து முகவரிதான். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளை உடைத்துப் பல வருடமாகிவிட்டது. மகனுக்கு 12 வயதில் ஐசி எடுத்தபோதும் அதே முகவரியைத்தான் கொடுத்தார். தானியங்கிப் பதிவு ஐசி முகவரியைத்தான் பார்க்கும். கோலாலம்பூரிலேயே பிறந்து வளர்ந்த பையன், தான் வாழ்ந்தே இராத தோட்டத்துக்காக பேராக்குக்குப் போய் ஓட்டுப் போட வேண்டும்.

2022 தீபாவளி அக்டோபர் 24. அதற்கு மாமா வீட்டுக்குப் போய் வந்த செலவின் சூடு ஆறுவதற்குள் நவம்பர் 19 தேர்தல். மறுபடியும் பஸ் டிக்கெட். பையன் மோட்டாரில் உணவு கொண்டு கொடுப்பவன், சனிக்கிழமை ஓட்டத்தை விட்டால் அந்த வாரமே படுத்துவிடும். ஊழியர் ஓட்டுப் போட முதலாளி நேரம் தர வேண்டும், சம்பளத்தில் கை வைக்கக்கூடாது என்று 1954-ஆம் ஆண்டு தேர்தல் குற்றச் சட்டம் சொல்கிறது. முதலாளி என்று ஒருவரே இல்லாத இந்தப் பையனுக்கு அதனால் என்ன பயன்? இரண்டு பேருமே போகவில்லை. இவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அக்கா தோட்டத்துக் காலத்தைப் பற்றிச் சொல்வார். தேர்தல் என்றால் லாரி வரும், லயமே கிளம்பும், போகாதவரை நாலு பேர் கேட்பார்கள். அந்த ஓட்டில் சொந்த முடிவு எவ்வளவு இருந்தது என்பது தனிக் கேள்வி. ஆனால் அதே கூட்டுப் பழக்கம்தான் பிறகு திசையும் மாறியது. இந்தியர் உரிமைக்காக நடந்த 2007 நவம்பர் 25 ஹிண்ட்ராப் பேரணிக்குப் பிறகு எத்தனை வீடுகளில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சே வேறாகிப் போனது! 2008 மார்ச்சில் அதே சுங்கை சிப்புட்டில் ஆளுங்கூட்டணியின் இந்தியர் கட்சியான ம.இ.கா.வின் தலைவர் சாமிவேலு தோற்றார்.

அடுக்குமாடியில் அந்தக் கேள்வி கேட்க ஆளில்லை. கதவைச் சாத்தினால் அவரவர் பாடு. "நீங்க போகலையா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாலே கிளம்பிவிடுகிற மனிதர்கள் எத்தனையோ பேர். 2018-இல் தேர்தலைப் புதன்கிழமை வைத்தார்கள். ஜனங்கள் கொதித்துப்போய், முன்பின் தெரியாதவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டார்கள், மாணவர்களுக்குப் பஸ் காசு கொடுத்தார்கள். எதிர்ப்பைப் பார்த்து அரசாங்கமும் அன்று பொது விடுமுறை விட்டது. அந்தத் தேர்தலில்தான் 82 விழுக்காடு.

லண்டனில் வேலை பார்க்கும் மலேசியர் தபாலில் ஓட்டுப் போடலாம். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் பேராக் வாக்காளருக்கு, சில குறிப்பிட்ட வேலைகளில் இருந்தாலொழிய, அந்த வசதி கிடையாது. இது அநியாயம். வெளியூரில் பிழைப்பவர்கள் இருக்கும் இடத்திலேயே வாக்களிக்க வழி செய்ய வேண்டும். அடுத்து ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியானாலும் அவரிடம் இதைத்தான் முதலில் கேட்பேன்.

அதுவரை நம் கையில் இருப்பது முகவரி மாற்றம். தேசியப் பதிவிலாகாவில் ஐசியை மாற்றினால் மட்டும் போதாது, தேர்தல் ஆணையத்திடம் தொகுதி மாற்றத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். ஆணையத்தின் இணையத்தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். கோயில் நிர்வாகங்கள் ஞாயிற்றுக்கிழமை அன்னதானம் நடக்கும் இடத்தில் ஒரு மேசை போட்டு, கைப்பேசி தெரிந்த இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்து இதைச் செய்து கொடுக்கலாம். எங்கள் கோயிலில் பேசிவிட்டேன், இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். செந்தூல் பக்கம் இருப்பவர்கள், உதவிக்கு வர முடிந்தால் கீழே எழுதுங்கள்.