மறைந்தும் மறையாமலும் தெரிய வேண்டிய சின்னம்

புதிய வீடியோ விளையாட்டு எதைத் தொடங்கினாலும் முதலில் வந்து நிற்பது ஒரு கறுப்புத் திரையும், அதில் மூன்று சின்னங்களும், ‘இடப்பக்கச் சின்னம் மறைந்தும் மறையாமலும் தெரியும் வரை நகர்த்தவும்’ என்ற கட்டளையும்தான். நேற்றிரவு அந்த வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை இரு முனைகளுக்கும் இழுத்துப் பார்த்துவிட்டேன். ஒரு முனையில் மூன்றும் பளிச்சென்று நிற்கின்றன; கொஞ்சம் இறக்கினால் இடப்பக்கச் சின்னம் திடீரென்று காணாமல் போகிறது. மறைந்தும் மறையாமலும் என்ற நிலையே என் டிவிக்குக் கிடையாது.

ஒன்றரை மணி நேரத் தேடலுக்குப் பிறகே குற்றவாளி அகப்பட்டது. கன்சோல், கறுப்பை 0 என்றும் வெள்ளையை 255 என்றும் கொண்ட முழு அளவில் படத்தை அனுப்புகிறது. டிவியோ 16 முதல் 235 வரையிலான அளவை எதிர்பார்த்துக்கொண்டு, 16க்குக் கீழுள்ள நிழல்கள் அனைத்தையும் ஒரே கறுப்பாக விழுங்கிவிடுகிறது. குகைக்குள் எதிரி நிற்பது தெரியாமல் நான் பத்து முறை செத்ததற்கு என் கைத்திறன் காரணமல்ல என்பது ஒரு சிறு ஆறுதல். இரண்டில் எந்த அளவு என்ற இந்த ஒற்றைத் தேர்வுக்கு ஒரு நிறுவனம் ‘லோ, நார்மல்’ என்றும், இன்னொன்று ‘லோ, ஹை’ என்றும், வேறொன்று ‘லிமிடெட், ஃபுல்’ என்றும் பெயர் சூட்டியிருக்கின்றன. ‘ஆட்டோ’ என்று ஒன்றும் இருக்கிறது. என் வீட்டில் அதை நம்பித்தான் கெட்டேன்.

பெயர்க் குழப்பம் அதோடு முடிவதில்லை. சில டிவிகளில் ‘பிரைட்னஸ்’ என்பது வெளிச்சத்தைக் கூட்டாது. கறுப்பை வெளிறச் செய்யும். வெளிச்சம் வேண்டுமென்றால் ‘பேக்லைட்’ என்பதைத் தேட வேண்டும். வேறு சிலவற்றில் பிரைட்னஸே வெளிச்சம். ஷார்ப்னஸைக் கூட்டினால் படம் தெளியும் என்று நம்பிக் கூட்டுகிறோம். அது இல்லாத நுணுக்கத்தை உண்டாக்காமல், ஒவ்வொரு விளிம்பிலும் வெள்ளைக் கோடு இழுத்துவிட்டுப் போகிறது.

இவற்றையெல்லாம் சரிசெய்த பின்னர்தான் டிவியில் விளையாட்டுக்கென்றே இருக்கும் கேம் மோடை இயக்கினேன். அதை இயக்காமல் விளையாட முடியாது. மற்ற மோடுகளில் டிவி இரண்டு ஃபிரேம்களுக்கு, அதாவது அடுத்தடுத்து வரும் இரண்டு படங்களுக்கு, நடுவே தானாக ஒரு படத்தைப் புனைவதற்காக அடுத்த ஃபிரேம் வரும்வரை காத்திருப்பதால், பட்டனை அழுத்திச் சற்று நேரம் கழித்தே வாள் அசைகிறது. நொடிக்கு 60 ஃபிரேம்கள் ஓடும்போது ஒரு ஃபிரேமின் ஆயுளே ஏறத்தாழ 16.7 மில்லிசெகண்டுதான் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆனால் கேம் மோடை இயக்கியவுடன் அதுவரை திருத்திய அத்தனையும் போய்விட்டது, ஏனெனில் ஒவ்வொரு மோடுக்கும் தனிக் கணக்கு. இன்னொரு எச்டிஎம்ஐ துளைக்கு மாற்றினால் வேறு கணக்கு. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே கூடுதல் வீச்சைக் காட்டும் எச்டிஆர் வந்துவிட்டால் அதற்கும் ஒரு கணக்கு. அதிலும் எச்டிஆரில், திரையின் உச்ச வெளிச்சம் எவ்வளவு என்று கன்சோலுக்கு நான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததை, காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தை மாற்றியமைக்கும் டிவியின் டைனமிக் டோன் மேப்பிங் தன் விருப்பத்துக்கு மீண்டும் ஒருமுறை திருத்துகிறது.

எல்லாம் முடிந்து, அறை விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். திரையும் கூடவே மங்கியது. அறை வெளிச்சத்தை அளக்கும் சென்சாரின் வேலை அது. அதை நிறுத்தும் பொத்தானைப் படத்துக்கான பட்டியலில் வைக்காமல், மின்சிக்கனப் பட்டியலுக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.